வெள்ளக் கணக்கு கோட் இழுக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்து மாணவர்களின் ஃபைனல் இயர் புராஜெக்டில் ‘கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும், கெடிலம் ஆற்றில் தண்ணீர் எங்கே மேலேறும்’ என்கிற கணக்கு அடிக்கடி தலைகாட்டுகிறது. எழுதுவது பைத்தானில், நம்பை லைப்ரரியின் அரேக்களை (எண் அட்டவணைகளை) வைத்து. வேகத்துக்காக ஃபங்ஷனுக்கு மேலே நம்பா டெக்கரேட்டர்; அது பைத்தான் ஃபங்ஷனை மெஷின் கோடாக மாற்றும். விடை ஓரளவு சரியாகவே வந்துவிடும். ஓடி முடிப்பதற்குள் வைவா தேதி வந்துவிடும், அதுதான் சிக்கல்.

வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் கோட் காட்டும் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். முழுக்க ஒரே உதாரணம்: புதுச்சேரி துறைமுகத்திலிருந்து பரங்கிப்பேட்டை தாண்டி 60 கிலோமீட்டர் சதுரம், 20 மீட்டர் கட்டம். அதாவது 3000 வரிசை, 3000 பத்தி, ஒவ்வொரு எண்ணும் 8 பைட் பிடிக்கும் ஃப்ளோட்64. ஒரு அரே 72 மெகாபைட். நீர் ஆழம், இரண்டு திசை வேகம், தரைமட்டம் என நான்கு அரே.

கை வைக்கும் முன் இரண்டு அளவு

லினக்ஸ் டெர்மினலில் கட்டளைக்கு முன்னால் ‘டைம்’ சேர்த்து ஓட்டுங்கள். ரியல் (கடிகார நேரம்), யூசர் (உங்கள் கோட் பிராசசரில் செலவழித்தது), சிஸ் (அதற்காக ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னல் செலவழித்தது) என்று மூன்று எண் வரும். யூசரும் ரியலும் ஏறத்தாழ ஒன்றென்றால் ஒரு கோர் முழு நேரமும் உழைக்கிறது. யூசர் பல மடங்கு என்றால் பல த்ரெட் ஓடுகிறது. சிஸ் பெரிதாக இருந்தால் மெமரி கேட்டும் திருப்பிக் கொடுத்தும் நேரம் போகிறது. மற்ற இரண்டையும் கூட்டினாலும் ரியலைத் தொடவில்லை என்றால் கோட் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்குக் காத்திருக்கிறது. ஒவ்வொரு நேரப் படியிலும் விடையை ஃபைலில் எழுதுகிறீர்களா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் லூப்பை மாற்றி எழுதி ஒரு வாரத்தைத் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, லினக்ஸில் பிராசசரின் உள் எண்ணிக்கைகளைக் காட்டும் ‘பெர்ஃப் ஸ்டாட்’. அதில் நான் முதலில் பார்ப்பது ஒரு சுழற்சிக்கு எத்தனை கட்டளை நிறைவேறுகிறது என்கிற எண்ணை. 2, 3 என்று வந்தால் பிராசசர் கணக்குப் போடுவதில் மும்முரமாக இருக்கிறது. 1-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் மெமரியிலிருந்து எண் வரக் காத்திருக்கிறது. சுழற்சி எண்ணிக்கை வரியின் ஓரத்தில் கிகாஹெர்ட்ஸையும் காட்டும். அது பின்னால் தேவைப்படும். வெர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டினால் இந்த எண்கள் ‘ஆதரவு இல்லை’ என்று வரலாம். கல்லூரி லேப் மெஷினில் அனுமதி பூட்டியிருக்கும், அட்மினைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும்.

“அண்ணா, முதல் தடவை மட்டும் இழுக்குது”

இது நோயே இல்லை. நம்பா உங்கள் ஃபங்ஷனை முதல் அழைப்பில்தான் எல்எல்விஎம் என்னும் கம்பைலர் மூலம் மெஷின் கோடாக மாற்றுகிறது. அந்தக் கம்பைல் நேரத்தையும் சேர்த்து அளந்துவிட்டு ‘நம்பா வேஸ்ட்’ என்று சொல்லாதீர்கள். சின்ன அரே ஒன்றைக் கொடுத்து ஒரு தடவை சும்மா ஓட்டிவிட்டு, இரண்டாவது அழைப்பிலிருந்து நேரம் எடுங்கள்.

ஒவ்வொரு முறை ஸ்கிரிப்டைத் திறக்கும்போதும் அதே காத்திருப்பு எரிச்சலூட்டினால், கம்பைல் ஆனதை டிஸ்க்கில் சேமித்துவைக்கும் கேஷ் ஆப்ஷனைப் போடலாம். ஒரு எச்சரிக்கை: ஃபங்ஷன் இருக்கும் ஃபைல் மாறினால் கேஷ் தானாகப் புதுப்பிக்கும். அந்த ஃபங்ஷன் கூப்பிடும் இன்னொரு ஃபங்ஷன் வேறு ஃபைலில் இருந்து, அதை மட்டும் மாற்றினால் கேஷுக்குத் தெரியாது. பழைய விடையே வரும். உராய்வுக் கெழுவைத் தனி ஃபைலில் மாற்றிவிட்டு ‘ஒன்றுமே மாறவில்லையே’ என்று மண்டையை உடைப்பது இப்படித்தான். கேஷ் ஃபோல்டரை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இதே ரகத்தில் இன்னொன்று: குளோபல் மாறியின் மதிப்பை நம்பா கம்பைல் நேரத்தில் நிலைஎண்ணாக உள்ளே பதித்துவிடும். பின்னால் மாற்றினாலும் ஏறாது. மாறக்கூடியது எதுவானாலும் ஆர்க்யுமென்டாக அனுப்புங்கள்.

“சாதா பைத்தானே தேவலை போல இருக்கு”

பதிப்பைப் பாருங்கள். 0.59-க்கு முந்தைய நம்பாவில் டெக்கரேட்டராக வெறும் ‘ஜிட்’ போட்டால், புரியாத வரி ஒன்று வந்தாலும் பிழை காட்டி நிற்காமல் ஆப்ஜெக்ட் மோடுக்கு இறங்கிவிடும். கம்பைல் ஆன பெயர்தான், ஓடுவது பைத்தான் வேகத்தில். புதிய பதிப்பில் அந்த வழுக்கல் இல்லை, நேராகப் பிழை காட்டும். பழையதுதான் கிடைக்கும் என்றால் ‘என்ஜிட்’ போடுங்கள்.

அது சரியாக இருந்தும் மெதுவென்றால், லூப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கட்டத்துக்கான கணக்கை மட்டும் கம்பைல் செய்து, 90 லட்சம் கட்டங்களைச் சுற்றும் லூப்பைப் பைத்தானிலேயே விட்டிருந்தால், ஒவ்வொரு அழைப்புக்கும் பைத்தான் வாசலில் டைப் பரிசோதனை நடக்கும். லூப்பையும் உள்ளே தள்ளுங்கள். நேரப் படிகளைச் சுற்றும் நேர லூப்பையும் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

கோப்பிலிருந்து டேட்டா எடுக்கும் இடத்திலேயே முட்டிக்கொண்டால் காரணம் வேறு. கடல், வானிலை டேட்டா ஃபைல்களைப் படிக்கும் நெட்-சிடிஎஃப் லைப்ரரி பல நேரம், விடுபட்ட இடங்களை மறைத்துவைக்கும் மாஸ்க் போட்ட அரேயைத் தரும். பழைய வடிவ ஃபைலை சை-பை வழியாகப் படித்தால் பைட் வரிசை தலைகீழாக வரும். நம்பாவுக்கு இரண்டும் ஆகாது. மாஸ்க்கை நேன் (‘எண் இல்லை’ என்னும் அடையாள மதிப்பு) கொண்டு நிரப்பி, நேட்டிவ் வரிசை ஃப்ளோட்64 ஆக மாற்றிவிட்டு உள்ளே அனுப்புங்கள். இந்த நேன் கீழே ஒரு இடத்தில் உங்களைக் கடிக்கும், நினைவில் வையுங்கள்.

“புரொஃபைலர்ல ஒரே ஒரு வரிதான் தெரியுது”

நேரம் எங்கே போகிறது என்று காட்டும் புரொஃபைலர் கருவிகளான சி-புரொஃபைலுக்கும் லைன் புரொஃபைலருக்கும் பைத்தான் வரிகள்தான் தெரியும். நம்பா ஃபங்ஷன் அவற்றுக்கு மூடிய பெட்டி: ‘96 சதவீதம் இங்கே போகிறது’ என்று சொல்லும், உள்ளே எங்கே என்று சொல்லாது. இன்டெல் வி-டியூன் போன்ற கருவியோடு ‘நம்பா எனேபிள் புரொஃபைலிங்’ என்கிற என்விரான்மென்ட் வேரியபிளை 1 ஆக வைத்தால், பெயரில்லாத முகவரிகளுக்குப் பதில் ஃபங்ஷன் பெயர்கள் தெரியும்.

மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி இதைவிடச் சுலபம். பெரிய ஃபங்ஷனை மூன்றாகப் பிரியுங்கள்: ஆழத்தைப் புதுப்பிப்பது, வேகத்தைப் புதுப்பிப்பது, ஓர நிபந்தனைகள். மூன்றையும் தனித்தனியாக நேரம் பாருங்கள். எதில் போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலும் மாணவர் சந்தேகப்பட்ட இடமாக இருக்காது.

“அதே ஃபங்ஷன், இந்த டேட்டாவுக்குப் பறக்குது, அந்த டேட்டாவுக்கு ஊருது”

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் பார்க்கும் மெதுவான கோட்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கும்.

நம்பை அரே வழக்கமாக வரிசை வரிசையாக மெமரியில் உட்காரும். ஒரு வரிசையில் அடுத்தடுத்த எண்கள் பக்கத்துப் பக்கத்தில்; ஒரு எண்ணிலிருந்து நேர் கீழே உள்ள எண்ணுக்குப் போக நம் உதாரணத்தில் 24,000 பைட் தாண்ட வேண்டும். பிராசசர் மெமரியிலிருந்து எண்ணை ஒற்றையாக எடுப்பதில்லை. பிராசசருக்குள் உள்ள வேக மெமரியான கேஷுக்கு ஒரு 64 பைட் கேஷ் லைன், அதாவது எட்டு ஃப்ளோட்64 சேர்ந்துதான் வரும். வரிசை வழியே நடந்தால் எட்டும் வேலைக்கு ஆகும். பத்தி வழியே நடந்தால், கடலூர் பஸ் ஸ்டாண்டில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து புதுச்சேரியில் ஒருவரை மட்டும் இறக்கிவிட்டு, மிச்சம் ஏழு பேரையும் திருப்பிக் கொண்டுபோய் விடுவது மாதிரிதான்.

‘அடுத்த பத்திக்கு வரும்போது அந்த ஏழும் கேஷில் இருக்குமே’ என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பத்தியை இறங்கி முடிக்க 3000 லைன் வேண்டும். 3000 தரம் 64, அதாவது 192 கிலோபைட். கோருக்கு மிக அருகிலுள்ள எல்1 கேஷ் வழக்கமாக 32 அல்லது 48 கிலோபைட். அடுத்த பத்திக்கு வருவதற்குள் முதலில் வந்தவை எல்1-ஐ விட்டு வெளியேறியிருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு 4 கிலோபைட் மெமரித் துண்டில், அதாவது பேஜில் இருக்கிறது. முகவரி மாற்றும் டிஎல்பி அட்டவணை பல பிராசசர்களில் 3000 பேஜை ஒரே நேரத்தில் தாங்காது. முன்கூட்டியே கொண்டுவரும் ப்ரீஃபெட்ச் வன்பொருளும் பேஜ் எல்லையைத் தாண்டும்போது கைவிட்டுவிடும். மூன்று அடியும் ஒன்றாக விழுகிறது.

லூப் இப்படி இருந்தால் குற்றவாளி அதுதான்:

    ஜே 0 முதல் 2999 வரை:
        ஐ 0 முதல் 2999 வரை:
            ஆழம்[ஐ, ஜே] … 

வெளியே ஐ, உள்ளே ஜே என்று மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். கம்பைலர் தானாகத் திருப்பிப் போடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபோர்ட்ரான் புத்தகத்திலிருந்து லூப்பை அப்படியே எடுத்து எழுதியவர்களுக்கு இது கட்டாயம் வரும். ஃபோர்ட்ரான் பத்தி பத்தியாக அடுக்கும், அங்கே அந்த வரிசை சரி.

லூப் சரியாக இருந்தும் ஒரு டேட்டாவுக்கு மட்டும் ஊர்ந்தால், அந்த அரே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மேட்லாப் ஃபைலைப் படித்தால் ஃபோர்ட்ரான் அடுக்கில் வரும். டிரான்ஸ்போஸ் செய்தாலும் டேட்டா நகராது, அடுக்கு மட்டும் மாறும். பெரிய வரைபடத்திலிருந்து ஒரு துண்டை ஸ்லைஸ் செய்து அனுப்பினால் அது தொடர்ச்சியாகவே இருக்காது. ஃபங்ஷனின் ‘சிக்னேச்சர்ஸ்’ பண்பை அச்சிட்டுப் பார்த்தால் நம்பா எத்தனை பதிப்பு கம்பைல் செய்திருக்கிறது என்று தெரியும். அரே டைப்பின் கடைசியில் ‘சி’ என்று இருந்தால் நல்லது, ‘எஃப்’ என்றால் பத்தி அடுக்கு, ‘ஏ’ என்றால் ‘எப்படியும் இருக்கலாம்’. அந்த ‘ஏ’ பதிப்பில் அடுத்த எண் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கம்பைலரால் நம்ப முடியாது, பல எண்களை ஒரே தடவையில் கையாளும் வெக்டர் கட்டளைகளைப் போடத் தயங்கும். உள்ளே அனுப்பும் முன் ‘அஸ்-கன்டிகுவஸ்-அரே’ ஒரு வரி போதும். நேர லூப்புக்கு வெளியே ஒரே ஒரு தடவை நகலெடுப்பதால் செலவு கணக்கிலேயே வராது.

“கூட்டல் லூப் ஒண்ணுதான், அதுவும் மெதுவா இருக்கு”

ஒவ்வொரு படியிலும் மொத்த நீரின் கன அளவைக் கூட்டி, தண்ணீர் காணாமல் போகிறதா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கூட்டல் லூப் வெக்டர் ஆகாது. ஃப்ளோட் கூட்டலில் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். விடையை மாற்ற கம்பைலருக்கு அதிகாரம் இல்லை. அதனால் ஒவ்வொரு கூட்டலும் முந்தையது முடியக் காத்திருக்கும். ஃபங்ஷனின் மெஷின் கட்டளைகளை (அசெம்பிளி) ‘இன்ஸ்பெக்ட்-ஏஎஸ்எம்’ மூலம் எடுத்துப் பாருங்கள். கூட்டல் கட்டளை ‘எஸ்டி’ என்று முடிந்தால் ஒவ்வொன்றாகப் போகிறது, ‘பிடி’ என்று முடிந்தால் கட்டுக்கட்டாக. ஏவிஎக்ஸ்2 வெக்டர் கட்டளைகள் உள்ள பிராசசரில் ஒரு கட்டுக்கு நான்கு ஃப்ளோட்64.

எல்லோரும் உடனே ‘ஃபாஸ்ட்-மேத் ட்ரூ’ போடுவார்கள். வேகம் வரும். கூடவே ஒரு வம்பும் வரும். அந்த ஆப்ஷன் ஒரு கொத்து வாக்குறுதிகளை மொத்தமாகக் கொடுக்கிறது. அதில் ஒன்று ‘இந்தக் கணக்கில் நேன் வரவே வராது’ என்பது. அலைமானிப் பதிவில் கருவி ஓடாத நேரமெல்லாம் நேன். அதோடு உங்கள் மாதிரியை ஒப்பிட்டுப் பிழை கணக்கிடும் லூப்பில் ‘நேன் என்றால் தாண்டு’ என்று எழுதியிருப்பீர்கள். நேன் வராது என்று நீங்களே சத்தியம் செய்துவிட்டதால், ‘இந்தச் சோதனை எப்போதும் பொய்தான்’ என்று கம்பைலர் அந்த வரியைத் தூக்கிவிடலாம். எந்த எச்சரிக்கையும் வராது. மொத்தப் பிழையும் நேன் ஆகி நிற்கும். டெக்கரேட்டரை எடுத்துவிட்டுப் பைத்தானில் ஓட்டினால் சரியாக வரும், அதனால் குழப்பம் இரட்டிப்பாகும்.

ட்ரூ என்பதற்குப் பதிலாக வேண்டிய வாக்குறுதிகளை மட்டும் ஒரு செட்டாகக் கொடுக்கலாம். கூட்டல் லூப்புக்கு வரிசையை மாற்ற அனுமதிக்கும் ‘ரீ-அசோக்’, பூஜ்யத்தின் குறியைப் பொருட்படுத்தாத ‘என்எஸ்இசட்’ இரண்டும் போதும். நேனும் முடிவிலியும் வராது என்னும் இரண்டையும் விட்டுவிடுங்கள். புராஜெக்டில் எங்கேயும் ‘ட்ரூ’ வேண்டாம் என்பது என் கட்சி.

வகுத்தல் உள்ள லூப் வெக்டர் ஆகாததற்குக் காரணம் வேறு. நம்பா இயல்பாகப் பைத்தான் மரபைப் பின்பற்றி, பூஜ்யத்தால் வகுத்தால் பிழை எழுப்பும். அதற்காக ஒவ்வொரு வகுத்தலுக்கும் ஒரு சோதனை வைக்கிறது. ‘எரர் மாடல்’ என்பதை நம்பை என்று மாற்றினால் அது போய்விடும். அப்புறம் வறண்ட கட்டத்தில் ஆழம் பூஜ்யமாக இருந்தால் முடிவிலியோ நேனோ வரும், அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று, பக்கத்துக் கட்டத்தை ‘ஜே கழித்தல் 1’ என்று எடுக்கும் இடம். ஜே பூஜ்யமாக இருந்தால் இன்டெக்ஸ் மைனஸ் 1 ஆகி, அரேயின் மறுமுனைக்குச் சுற்றிக்கொண்டு போகும். மேற்கு ஓரத்தில் நெய்வேலிப் பக்கத்து நிலத்துக்குக் கிழக்கு ஓரத்துக் கடல் தண்ணீர் பாய்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். லூப்பை 1-லிருந்து தொடங்குங்கள். மேல் எல்லையைத் தாண்டினாலும் நம்பா இயல்பில் கேட்காது; சந்தேகம் வந்தால் ‘பவுண்ட்ஸ்-செக்’ போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

“ஃப்ளோட்32-க்கு மாத்தினேன், வேகமே ஏறல”

ஃபங்ஷனுக்குள் 0.5, 9.81 என்று எழுதியிருப்பீர்கள். நம்பாவுக்கு அவை ஃப்ளோட்64. ஃப்ளோட்32 எண்ணை 0.5-ஆல் பெருக்கினால் விடை ஃப்ளோட்64 ஆகிவிடும். அரேயில் வைக்கும்போது மறுபடி சுருக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் போகவர டைப் மாற்றம். ‘இன்ஸ்பெக்ட்-டைப்ஸ்’ எந்த மாறி எந்த டைப் என்று வரி வரியாகக் காட்டும். நிலைஎண்களை மேலேயே ஃப்ளோட்32 ஆக்கி வையுங்கள்.

ஆனால் இந்த மாதிரி கணக்கில் ஃப்ளோட்32-க்குப் போகும் முன் ஒன்று யோசியுங்கள். ஆழம் 2000 மீட்டர் உள்ள கட்டத்தில் ஃப்ளோட்32 பிரித்தறியும் மிகச் சிறிய வித்தியாசம் சுமார் 0.12 மில்லிமீட்டர். ஆறு மணி நேரத்தில் ஓதம் ஒரு மீட்டர் ஏறுகிறது, நேரப் படி 0.14 விநாடி என்று வைத்தால், ஒரு படிக்கு ஏறுவது 0.0065 மில்லிமீட்டர். அதை 2000-உடன் கூட்டினால் 2000-ஆகவே நிற்கும். கோட் வேகமாக ஓடும், கடல் மட்டும் அசையாது. மொத்த ஆழத்தைச் சேமிக்காமல், சராசரி கடல் மட்டத்திலிருந்து உள்ள ஏற்ற இறக்கத்தைத் தனி அரேயாக வைத்தால் இந்தச் சங்கடம் இல்லை. மெமரி பாதியாவதால் வேகமும் உண்மையாகவே கிடைக்கும்.

“எட்டு த்ரெட் போட்டும் ரெண்டு மடங்குதான்”

நம் கணக்கில் ஒரு படிக்கு நான்கு அரே படிக்கிறோம், மூன்று எழுதுகிறோம். எழுதும் முன்பும் அந்த லைனை மெமரியிலிருந்து கொண்டுவர வேண்டியிருப்பதால் மொத்தம் பத்து அரே அளவு, 720 மெகாபைட் நடமாட்டம். டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனலில் தத்துவப்படி தருவது விநாடிக்கு 25.6 கிகாபைட். அப்படியென்றால் ஒரு படிக்குக் குறைந்தது 28 மில்லி விநாடி. நான்கு த்ரெட்டோ பதினாறோ, அதற்குக் கீழே போகாது. ஒற்றை ரேம் குச்சி உள்ள லேப்டாப்பில் இரண்டாவது குச்சி போடுவது எந்தக் கோட் மாற்றத்தையும்விட அதிகம் தரலாம். ‘பேரலல்’ ஆப்ஷனை முதலில் போட்டுப் பார்ப்பது தப்பான வரிசை. ஒற்றைக் கோரில் லூப் வரிசையும் அடுக்கும் சரியான பிறகு போடுங்கள்.

மெமரி நிரம்பாமலேயே த்ரெட் கூடக் கூட மெதுவானால், ஒவ்வொரு த்ரெட்டும் எதில் எழுதுகிறது என்று பாருங்கள். அதிகபட்ச அலை வேகத்தைக் கண்டுபிடிக்க எட்டு இடம் உள்ள ஒரு சின்ன அரேயை வைத்து, ஒவ்வொரு த்ரெட்டும் தன் இடத்தில் எழுதும்படி செய்திருப்பீர்கள். எட்டு ஃப்ளோட்64 என்பது சரியாக 64 பைட். எட்டு கோரும் ஒரே கேஷ் லைனைப் பிடித்து இழுக்கும். உள்ளே ஒரு லோக்கல் மாறியில் வைத்துக்கொண்டு, முடிவில் ஒரு தடவை மட்டும் அரேயில் எழுதுங்கள்.

ஓடும்போதெல்லாம் விடை பெரிய அளவில் மாறினால் அது வேகப் பிரச்சினை இல்லை, ரேஸ். சுற்றுகளை த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ‘பி-ரேஞ்ச்’ லூப்பில் ஒரே அரே இடத்தில் இரண்டு சுற்று எழுதுகிறது.

நம்பை லீனியர் அல்ஜீப்ரா அழைப்பு நடுவில் இருந்தால் அதுவும் தனக்கென்று த்ரெட் திறக்கும். எட்டுக்கு எட்டு அறுபத்து நான்கு ஆகிவிடும். அந்தக் கணக்கைப் போடும் ஓபன்-பிளாஸ் லைப்ரரியின் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

சிஸ் நேரம் மட்டும் எகிறுகிறது

நேர லூப்புக்குள் புது அரே உருவாக்குகிறீர்கள். 72 மெகாபைட் நகல் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் சுமார் 17,500 பேஜ்களைப் புதிதாகக் கொடுத்து, பூஜ்யமாக்கி, அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பெர்ஃப் ஸ்டாட்டில் பேஜ் ஃபால்ட் எண் லட்சக்கணக்கில் ஓடும். பழையது, புதியது என்று இரண்டு அரேயை வெளியே ஒரு தடவை உருவாக்கி, ஒவ்வொரு படி முடிவிலும் பெயரை மட்டும் இடம் மாற்றுங்கள். நகல் வேண்டாம்.

“ஆரம்பத்துல பறக்குது, போகப் போகத் தவழுது”

இரண்டு காரணம். பெர்ஃப் ஸ்டாட்டின் கிகாஹெர்ட்ஸ் எண் அவற்றைப் பிரித்துக் காட்டும்.

கிகாஹெர்ட்ஸ் இறங்கியிருந்தால் சூடு. கத்திரி வெயிலில், மேல்மாடி அறையில், ஃபேன் காற்றிலேயே அனல் அடிக்கும்போது லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கரண்ட் போய் பேட்டரிக்கு மாறினாலும் அப்படியே. இந்த நிலையில் பழைய கோட்-ஐக் காலையிலும் புதிய கோட்-ஐ மதியத்திலும் அளந்து ஒப்பிட்டால் வெயிலைத்தான் அளக்கிறீர்கள். பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றி ஓட்டி, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்ச நேரத்தை எடுங்கள். சராசரி வேண்டாம், பின்னணி இடையூறு நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

கிகாஹெர்ட்ஸ் மாறாமலேயே மெதுவானால், எண்கள் அளவுக்கு மீறிச் சிறுத்துவிட்டன. ஃப்ளோட்64 முழுத் துல்லியத்தோடு வைக்கக்கூடிய மிகச் சிறிய எண் சுமார் 2.2 பெருக்கல் 10-இன் மைனஸ் 308-ஆம் அடுக்கு. அதற்கும் கீழே உள்ளவை ‘சப்நார்மல்’. பல பிராசசர்களில் இவற்றோடு கணக்குப் போடுவது மிக மெதுவு. நம் மாதிரியில் இது எங்கே முளைக்கும்? அலை திரும்பி வராமல் இருக்க ஓரத்தில் ஒரு உறிஞ்சும் பட்டை வைத்து, வேகத்தை ஒவ்வொரு படியிலும் 0.98-ஆல் பெருக்குவார்கள். அலை வராத மூலையில் 1-இல் தொடங்கிய வேகம் சுமார் 35,000 படிகளில் சப்நார்மலாகிவிடும். ஃப்ளோட்32 என்றால் 4,300 படியே போதும்.

தேய்ந்து தேய்ந்து பூஜ்யத்தைத் தொட்டு நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்த ஆழத்தில் எண்கள் மிகச் சிறிய ஒரு அலகின் முழு மடங்காகத்தான் இருக்க முடியும். 24 அலகை 0.98-ஆல் பெருக்கினால் 23.52, முழுமைப்படுத்தினால் மறுபடி 24. அங்கேயே சிக்கிக்கொண்டு, ஓட்டம் முடியும்வரை ஒவ்வொரு படியையும் இழுத்துப் பிடிக்கும். ஃபாஸ்ட்-மேத் இதைத் தீர்க்காது. நடு ஓட்டத்தில் நிறுத்தி, பூஜ்யமல்லாத, ஆனால் அந்த எல்லைக்குக் கீழே உள்ள எண்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மருந்து ஒரு வரி: வேகத்தின் அளவு 10-இன் மைனஸ் 30-க்குக் கீழே போனால் பூஜ்யம் என்று எழுதுங்கள்.

“எல்லாம் சரி பண்ணியாச்சு, இன்னும் மணிக்கணக்கா ஓடுது”

இனி புரொஃபைலரை மூடிவிட்டு, படிகள் எத்தனை என்று பாருங்கள். இந்த வகைக் கணக்கில் நேரப் படியின் உச்சவரம்பு ஏறத்தாழ, கட்ட அகலத்தை அலை வேகத்தால் வகுத்தது. அலை வேகம் என்பது புவியீர்ப்பையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். சதுரத்தின் ஒரு மூலையில் ஆழம் 2000 மீட்டர் என்றால் அலை விநாடிக்கு 140 மீட்டர் ஓடும். 20 மீட்டர் கட்டத்துக்கு நேரப் படி 0.14 விநாடி. ஒரு நாள் புயலுக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் படிகள். மேலே பார்த்த 28 மில்லி விநாடி என்கிற மெமரி எல்லையைத் தொட்டுவிட்டாலும் ஐந்து மணி நேரம் ஆகும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று பார்க்க, கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஆழ்கடல் மூலை ஒன்று மொத்தக் கணக்கின் வேகத்தையும் தீர்மானிக்கிறது.

20 மீட்டர் கட்டத்தை 100 மீட்டர் ஆழத்தோடு வெட்டிவிட்டால் நேரப் படி 0.64 விநாடி ஆகும், படிகள் நாலரை மடங்கு குறையும். அதே கணினியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெட்டிய ஓரத்தில் நீர்மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வெளியே 200 மீட்டர் கட்டத்தில் ஓடும் தனி மாதிரி ஒன்று கொடுக்கட்டும். கட்டம் இரட்டிப்பானால் கட்ட எண்ணிக்கை கால்வாசி, நேரப் படி இரண்டு மடங்கு; எட்டில் ஒரு பங்கு வேலை. அகலத்தைப் பத்து மடங்காக்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த வெளி மாதிரி ஓடும் நேரம் நீங்கள் கவனிக்கும் அளவுக்குக்கூட வராது. அதன் நீர்மட்டத்தை ஒவ்வொரு படிக்கும் ஃபைலிலிருந்து படிக்காமல், நிமிடத்துக்கு ஒரு மதிப்பாக ஒரே அரேயில் ஏற்றிவைத்து, நடுவில் நேர்கோட்டு இடைச்செருகல் செய்துகொள்ளுங்கள்.